மேஜை மேல் ஒரு போர்க்களம்!

ரத்தம் சிந்தாத போர்! நடப்பது மேஜையின் மேல்!

தென் ஆப்பிரிக்காவில் இசாண்டில்வானா மலையடிவாரம். 1879 ஜனவரி 22-ந் தேதி, அங்கிருந்த பிரிட்டிஷ் முகாமை சுமார் 20 ஆயிரம் சூலு வீரர்கள் எருமைக் கொம்பு போல இரு பக்கமும் வளைத்துத் தாக்கினார்கள். பீரங்கி இருந்தும் பயன் இல்லை. முகாமில் 1,300 பேருக்கு மேல் மாண்டனர். வென்ற சூலுக்களிலும் ஏராளமானோர் மடிந்தனர்.

சீட்டு சொன்னால் படை நகரும்

இந்தப் போரை இன்று பொம்மை வீரர்களை வைத்து ஆடுகிறார்கள். லாரி பிராம் என்பவர் 1979-ல் வெளியிட்ட "தி சுவார்டு அண்டு தி ஃபிளேம்" விதிகள் இதற்குப் பிரபலமானவை. ஒரு பிரிவுக்கு 20 பொம்மைகள். சீட்டுக்கட்டில் சிவப்பு வந்தால் ஒரு தரப்பு நகரும். கறுப்பு வந்தால் மறு தரப்பு. தொடர்ந்து கறுப்பே வந்தால்? தளபதி கையைப் பிசைய வேண்டியதுதான்!

ஆட்டம் முடிந்தால் பொம்மைகள் பெட்டிக்குத் திரும்பும். இசாண்டில்வானாவிலோ, மாண்டவர்களைப் புதைத்த இடங்களில் வெள்ளையடித்த கற்குவியல்கள் நிற்கின்றன.