வீட்டுக்கல்வியில் ஓவியம்: எதைக் கற்பிப்பது, எதை வாங்குவது?

பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர் கணக்குக்கும் அறிவியலுக்கும் எந்த நூல் என்று எளிதில் முடிவுசெய்துவிடுகிறார்கள். ஓவியம் என்று வரும்போதுதான் தடுமாற்றம். "எனக்கே வரையத் தெரியாதே, நான் எப்படிச் சொல்லித்தருவது?" என்ற தயக்கம் ஒருபக்கம். கடையில் 48 வண்ணப் பெட்டியைக் கண்டதும் வாங்கிவிடும் ஆசை மறுபக்கம். பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று பிறகு யோசிக்கிறோம். இந்த வரிசையை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். முதலில் பிள்ளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கேற்ற பாடத்திட்டத்தை அடுத்துத் தேர்ந்தெடுங்கள். கடைக்குக் கடைசியில் போகலாம்.

பிள்ளை எந்தக் கட்டத்தில்?

ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவென்ஃபெல்ட், பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து 1947-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சொன்ன வயதுக் கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை முன்பின் ஆகும். ஆனாலும் வீட்டில் ஆசிரியராக இருப்பவருக்கு அது நல்ல வழிகாட்டி.

2 முதல் 4 வயதுவரை கிறுக்கல். கை அசைந்தால் தாளில் தடம் விழுகிறது என்ற கண்டுபிடிப்பே அப்போது பாடம். 4 முதல் 7 வயதுக்குள் ஒரு வட்டம் தலையாகிறது, அந்தத் தலையிலிருந்தே கையும் காலும் முளைக்கின்றன. 7 முதல் 9 வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வரும், மேலே நீலப் பட்டையாக வானம் வரும், பிள்ளைக்கு முக்கியமானவர் வீட்டைவிடப் பெரிதாக நிற்பார். 9 வயதுக்கு மேல் பிள்ளை தன் படத்தையும் உண்மைப் பொருளையும் ஒப்பிடத் தொடங்கும். "எனக்குச் சரியா வரலை" என்ற பேச்சு அப்போதுதான் எழும்.

மழலையை யாரும் இலக்கணப் பிழை என்று திருத்துவதில்லை. தலையிலிருந்து முளைத்த கையும் அப்படிப்பட்ட மழலைதான். அதைத் திருத்த வேண்டாம். 9 வயதுப் பிள்ளை "வரலை" என்று சொல்லும்போது மட்டும் "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு" என்று கடந்துபோகாதீர்கள். அந்தப் பிள்ளை வழி கேட்கிறது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, தூரத்துப் பொருள் ஏன் சிறிதாகத் தெரிகிறது என்று சொல்லித்தர வேண்டிய வேளை அதுவே.

மூன்று வகைப் பாடத்திட்டங்கள்

சந்தையில் கிடைப்பவற்றைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, கோடு, வடிவம், நிழல், தொலைவு என்று திறனைப் படிப்படியாகக் கட்டுவது. 9 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது பொருந்தும்.

இரண்டாம் வகை, பொருளோடு விளையாடவிடுவது. மண், வண்ணம், காகிதம், கம்பி என்று கையில் கொடுத்து, என்ன ஆகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கவிடுவார்கள். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரத்து மழலையர் பள்ளிகள் இதற்குப் பெயர்பெற்றவை. 7 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதுவே போதும்.

மூன்றாம் வகை, படம் பார்க்கக் கற்பது. இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசனின் வழி இது. ஒரு பருவத்துக்கு ஒரே ஓவியர். ஒரு படத்தைச் சில நிமிடம் அமைதியாகப் பார்த்து, பிறகு கவிழ்த்துவைத்துவிட்டு, கண்டதை நினைவிலிருந்து சொல்ல வேண்டும். செலவே இல்லாத இந்தப் பயிற்சி எந்த வயதுக்கும் உதவும். 1938-ல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக நந்தலால் போஸ் தீட்டிய கிராமத்து மனிதர்களின் படங்களிலிருந்து தொடங்கலாம். அவற்றின் தடித்த கோடுகள் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

எந்தத் திட்டத்தையும் வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். அதைப் பின்பற்றிய பிள்ளைகளின் படங்களை வரிசையாகப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளின் பத்து மயிலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தால், அங்கே சொன்னபடி செய்யும் பழக்கம்தான் வளர்ந்திருக்கிறது. கைவேலைக்கு அது உதவலாம், ஆனால் ஓவியப் பாடத்தின் இடத்தை அது நிரப்பாது. ஒவ்வொரு மயிலும் வேறாக இருந்தால் அந்தத் திட்டத்தை நம்பலாம்.

நம் ஊரில் ஓர் ஆண்டு

விலைகொடுத்து வாங்கும் திட்டம் கட்டாயமில்லை. 9 வயதுப் பிள்ளைக்கு, வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் என்று ஓர் ஆண்டை நீங்களே வகுக்கலாம்.

முதல் நான்கு மாதம் பென்சில் மட்டும். முருங்கை இலைக்கொத்து, வாழைப்பூ, அடுக்களைச் சொம்பு, செருப்பு ஜோடி என்று கண்முன் வைத்துப் பார்த்து வரையட்டும். புள்ளிக்கோலமும் சிக்குக்கோலமும் இதே காலத்தில் வரலாம். சமச்சீரையும், தடையின்றி ஓடும் கோட்டையும் அவற்றைப்போல் கற்றுத்தருபவை குறைவு.

அடுத்த நான்கு மாதம் வண்ணக் கலவை. மூன்று அடிப்படை வண்ணங்களிலிருந்து எத்தனை பச்சை வரும் என்று பிள்ளையே பட்டியல் போடட்டும். மாவிலைத் தளிரின் செம்பழுப்பைக் கலந்து எடுப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும், போகட்டும்.

கடைசி நான்கு மாதம் களிமண்ணும் அச்சும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் பூ விழும். குயவரிடம் கேட்டால் பிசைந்த களிமண் கிடைக்கும்.

இடையில் நோட்டோடு ஒரு பயணம் போங்கள். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் தவமிருக்கும் பூனையைத் தேடிக் கண்டுபிடித்து வரையச் சொல்லுங்கள். 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் முன்பும் அரைமணி நேரம் உட்கார்ந்து வரையலாம்.

எதை வாங்குவது?

காசை முதலில் தாளுக்குச் செலவிடுங்கள். நகல் எடுக்கும் தாள் பொதுவாக 70 முதல் 80 ஜி.எஸ்.எம். இருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே அந்த எண். அதில் வாட்டர் கலர் போட்டால் தாள் சுருளும், கிழியும், வண்ணம் திட்டுத்திட்டாக நிற்கும். பிள்ளையோ தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பென்சிலுக்கும் பேஸ்டலுக்கும் 120 முதல் 150 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாள் நல்லது. வாட்டர் கலருக்கு 300 ஜி.எஸ்.எம். சிறந்தது. சின்னப் பிள்ளைகள் தோளிலிருந்து கையை வீசி வரைவார்கள் என்பதால் அவர்களுக்கு ஏ3 அளவுத் தாள் கொடுங்கள்.

பென்சிலில் ஹெச்.பி., 2பி, 6பி என மூன்று போதும். கிராஃபைட்டோடு களிமண் கலந்து சுடும் முறையை 1795-ல் பிரான்சின் கோந்தே கண்டுபிடித்தார். களிமண் கூடினால் கோடு மங்கலாகும், கிராஃபைட் கூடினால் கருக்கும். நிழல் போட 6பி வேண்டும்.

வண்ணத்தில், சிறுவர்களுக்கு ஆயில் பேஸ்டல். கிரையானைப்போல் அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை, இளங்கைக்கும் வண்ணம் அடர்த்தியாக விழும். இதற்கு ஒரு நல்ல வரலாறும் உண்டு. பார்த்து நகலெடுப்பதே ஓவிய வகுப்பு என்றிருந்த ஜப்பானில், 1919-ல் கனாயே யமமோட்டோ என்ற ஓவியர், பிள்ளைகள் தாமாக வரையட்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். அந்தச் சூழலில்தான் சகுரா நிறுவனம் 1925-ல் ஆயில் பேஸ்டலை உருவாக்கியது. பேஸ்டல் முழுமையாகக் காயாது, எனவே படத்தின்மேல் ஒரு தாளை வைத்து எடுத்துவையுங்கள்.

வாட்டர் கலரிலும் போஸ்டர் கலரிலும் 24 குப்பி வேண்டாம். மஞ்சள், சிவப்பு, நீலம் ஒவ்வொன்றிலும் இரண்டு, கூடவே வெள்ளை வாங்குங்கள். ஏன் இரண்டு? கிரிம்சனோடு அல்ட்ராமரின் நீலம் சேர்ந்தால் நல்ல ஊதா வரும். ஸ்கார்லெட்டோடு அதே நீலம் சேர்ந்தால் பழுப்பு அடிக்கும். இதைக் கையால் செய்து பார்த்த பிள்ளை மறக்காது. ஸ்கெட்ச் பென் வண்ணம் ஒன்றோடொன்று கலக்காது, அதனால் அது முதன்மைக் கருவியாக வேண்டாம்.

பிரஷ்ஷில் உருண்டை முனை 4, 10 எண்களில் ஒவ்வொன்று, தட்டை முனையில் ஒன்று. நைலான் இழை போதும். தண்ணீரில் நிற்கவிட்டால் முனை வளைந்துவிடும், கழுவிப் படுக்கவையுங்கள். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோல் வாங்குங்கள். ஒட்டுவதற்கு மைதா பசை காய்ச்சினால் போதும்.

ஓவியர்களுக்கான விலையுயர்ந்த வண்ணங்கள் சிலவற்றில் காட்மியம் போன்ற உலோகங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அவை வேண்டாம். நச்சற்றது என்ற குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். டர்பன்டைன் தேவைப்படும் எண்ணெய் வண்ணமும் இந்த வயதில் வேண்டாம். அக்ரிலிக் காய்ந்தால் துணியிலிருந்து போகாது.

தேர்வு எழுத விரும்பினால்

ஓவியத்தைப் பாடமாகவே எடுக்கவும் வழி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஓவியம் ஒரு பாடம். கலை வரலாற்றுக்கு எழுத்துத் தேர்வும், வரைவதற்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும்.

அதுவரை மதிப்பெண் போடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் பின்னும் தேதி எழுதுங்கள். மாதத்துக்கு ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுத்துக் கோப்பில் சேர்க்கட்டும். ஆண்டு முடிவில் பன்னிரண்டு படங்களைத் தரையில் பரப்பினால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

வரையத் தெரியாது என்று தயங்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு வேண்டுகோள். அதே முருங்கை இலைக்கொத்தை நடுவில் வைத்து, நீங்களும் ஒரு தாளோடு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் இலை கோணலாக வரட்டும். அழிக்காமல் மறுபடி ஒன்று வரையுங்கள். பெரியவர்களும் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பிள்ளை அப்போது நேரில் காணும்.