விடை சொல்லாத கதை

நாவல் வாசிப்போர் பலவகையினர். கதை முடிந்ததும் நூலை மூடிவைத்து மறந்துவிடுவோர் ஒருவகையினர். அதே நூலை வாசித்த இன்னொருவரைத் தேடிச் சென்று, "அந்த முடிவு சரிதானா?" என்று வாதிடத் தொடங்குவோர் மற்றொரு வகையினர். விஞ்ஞானக் கதைகளின் இரசிகர் பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

இவ்வழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் சஞ்சிகை, வாசகர் கடிதங்களை அவர்தம் முகவரியோடு வெளியிட்டது. முன்பின் அறியாத வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுதலாயினர். கடிதங்கள் சங்கங்களாயின, சங்கங்கள் மாநாடுகளாயின. 1937இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கூடிய அத்தகைய மாநாடொன்றுக்கு வந்திருந்தோருள் 19 வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். அவரே ஆதர் சி. கிளார்க். பிற்காலத்தில் உலகெங்கும் இரசிகரைப் பெற்ற இவ்வாசிரியர், தொடக்கத்தில் தாமே ஓர் இரசிகராக வாதிட்டுப் பழகியவர்.

1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய கிளார்க், 2008 மார்ச் 19ஆம் நாள் கொழும்பில் காலமாகும்வரை இந்நாட்டையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார். அவருடைய நாவல்களைப் பற்றி வாசகர் நிகழ்த்திவரும் வாதங்கள் நமக்கும் உரியவையே.

மனிதரா, அண்டமா?

கிளார்க் மீது சாட்டப்படும் முதற் குற்றம், அவர் படைத்த மாந்தர் உயிர்த்துடிப்பு அற்றவர் என்பது. நூலை வாசித்து முடித்த ஒருவருக்கு விண்கலத்தின் அமைப்பு மனத்தில் நிற்கும்; அதன் தலைவனின் முகம் நிற்காது. இதனை மறுப்போர், "இக்கதைகளின் நாயகர் மனிதரல்லர்; அண்டமே நாயகன்" என்பர்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் 1953இல் வெளிவந்த 'சைல்ட்ஹூட்ஸ் எண்ட்' என்னும் நாவலை வாசித்தவர் முதற் குற்றச்சாட்டை முழுமையாக ஏற்கமாட்டார். வேற்றுலகத்தார் பூமியை ஆளவந்து, ஐம்பது ஆண்டுகள் தம் உருவத்தை மறைத்தே வைத்திருக்கின்றனர். கொம்பும் சிறகும் வாலும் உடைய அவ்வுருவம் மேனாட்டார் மனத்திலுள்ள சாத்தானின் உருவம் என்பதே காரணம். அவர்களின் தலைவனான கரெல்லன், மனிதகுலத்தின் பிள்ளைகளைத் தன் இனத்தால் என்றுமே எட்டமுடியாத உயர்நிலைக்கு அனுப்பிவைக்கும் கடமையைச் செய்கிறான். ஏணியாய் நின்று, தான் ஏறமுடியாது போன அவனுடைய துயரம் எளிதில் மறக்கக்கூடியதன்று.

இராமனின் பெயர் தாங்கிய கலம்

மிக நீண்ட வாதத்துக்கு இடமளித்த நூல், 1973இல் வெளிவந்த 'ரான்டெவூ வித் ராமா' ஆகும். 2131ஆம் ஆண்டில் சூரிய மண்டலத்துள் விசித்திரமான பொருளொன்று நுழைகிறது. கிரேக்க, உரோமப் புராணப் பெயர்கள் தீர்ந்துபோனமையால் வானியலார் இந்துப் புராணங்களை நாடி, அதற்கு 'ராமா' என்று பெயரிடுகின்றனர். அது 50 கிலோமீட்டர் நீளமும் 20 கிலோமீட்டர் விட்டமும் கொண்ட உருளை வடிவான விண்கலம். உள்ளே நகரங்கள் போன்ற அமைப்புகள் உண்டு, குடியிருப்போர் இல்லை. உறைந்திருந்த கடல் உருகுகிறது, விளக்குகள் ஒளிர்கின்றன. மனிதர் சுற்றிப் பார்க்கின்றனர். கலமோ சூரியனிடமிருந்து தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு, அவர்களைப் பொருட்படுத்தாமலே சென்றுவிடுகிறது.

அதனைச் செய்தவர் யார்? எதற்காக அனுப்பினர்? கதை விடை கூறவில்லை. பின்னர் ஜென்ட்ரி லீ என்பவரோடு இணைந்து, 1989 முதல் 1993 வரை மூன்று தொடர் நாவல்கள் வெளியாயின. விடைகள் கிடைத்தன, வாசகர் இரண்டுபட்டனர். "ஆவலைத் தூண்டிவிட்டுப் பாதியில் நிறுத்துதல் முறையன்று" என்றது ஒரு கட்சி. "விடை வந்ததும் வியப்பு அகன்றது" என்றது மறு கட்சி.

யான் இரண்டாம் கட்சியையே சார்வேன். முதல் நூலின் பெருமை அது மனிதனுக்குப் புகட்டும் பணிவில் இருக்கிறது. அக்கலம் நம்மை நாடி வரவில்லை, நம்மோடு பேசவுமில்லை, நம்மைப் பகையாகக் கூடக் கருதவில்லை. 2017இல் ஹவாய்த் தீவுக்கூட்டத்திலுள்ள தொலைநோக்கி, வேறு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த 'ஓமுவாமுவா' என்னும் பொருளைக் கண்டபோது உலகெங்கும் வாசகர் ராமாவை நினைவுகூர்ந்தனர். அதுவும் அறிஞரிடையே வாதத்தை விட்டுவிட்டுத் தன் வழியே சென்றது.

நம் நாட்டு மலை

1979இல் வெளிவந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நமக்கு இன்னும் நெருக்கமானது. ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் நிலையத்திலிருந்து பூமிவரை நீளும் கோபுரமே இதன் கரு. இக்கருத்தை 1960இலேயே ரஷ்யப் பொறியியலாளர் யூரி ஆர்ட்சுட்டனோவ் வெளியிட்டிருந்தார். கோபுரம் பூமத்தியரேகையில் அமையவேண்டும் என்பதால், கிளார்க் நம் தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' என்று பெயரிட்டார். சிவனொளிபாத மலையின் உயரத்தை இருமடங்காக்கினார்.

மலையுச்சியில் மடாலயம், அதே இடம் கோபுரத்துக்கு வேண்டும் என்கிறான் பொறியியலாளன் மோர்கன். நீதிமன்றம் துறவியர் பக்கம் தீர்ப்பளிக்கிறது. ஆயினும் பொன்வண்ணப் பட்டாம்பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் துறவியர் மலையை நீங்குவர் என்பது பழைய வாக்கு. புயலொன்று அவற்றை உச்சிக்குக் கொண்டுசேர்க்கிறது, துறவியர் நீங்குகின்றனர்.

தம் இறுதிச் சடங்கில் சமயக் கிரியை எதுவும் வேண்டாம் எனக் கூறிச்சென்ற ஆசிரியர், சமய வாக்கைப் பலிக்கவைத்தது நேர்மை என்பர் சிலர். வழக்கில் தோற்ற விஞ்ஞானத்துக்குக் காற்றைத் துணைக்கழைத்தது சூழ்ச்சி என்பர் வேறு சிலர். இவ்வினாவை இலண்டன் வாசகன் அறிவால் ஆராய்வான். இருளில் அம்மலையேறி உதயசூரியனைக் கண்டவனோ, வெறுமையான மடாலயத்தை நினைந்து ஒருகணம் நெஞ்சம் கனப்பான். நான்கு சமயத்தாரும் போற்றும் மலை அது. முன்னேற்றத்துக்காக நாம் எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதே அங்கு எழும் கேள்வி. அது கதைக்குள் மட்டும் அடங்குவதன்று.

மாணவருக்கு ஒரு சொல். பரீட்சைத் தாளில் வினாவுக்கு விடை ஒன்றே. நல்ல நாவல் அத்தகையதன்று. கிளார்க்கின் நூலொன்றை நீங்களும் உங்கள் தோழரும் ஒரே வாரத்தில் வாசியுங்கள். பின்னர் மாலையில் அமர்ந்து அதனைப் பற்றிப் பேசுங்கள். இருவரும் ஒரே கருத்தினராயின் மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். ஏதோ ஒன்றை இருவருமே தவறவிட்டிருக்கக்கூடும்.