விடியலில் வாய் பிளக்கும் மீன்கள்

விடிகாலையில் கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. கரையில் ஆள் நடந்தாலும் கீழே இறங்குவதில்லை. நோய் வந்துவிட்டதென்று பயந்து உடனே மருந்து வாங்க ஓடுகிறவர்கள் பலர். பெரும்பாலும் அது நோயல்ல, மூச்சுத் திணறல்.

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பதோ ஏழரை மில்லிகிராம்தான். பகலில் நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு ஆக்சிஜனைத் தருகின்றன. இரவில் அவையும் மீன்களோடு சேர்ந்து அதையே சுவாசிக்கின்றன. அடியில் மட்கும் சாணமும் மிச்சத் தீவனமும் இன்னொரு பங்கைத் தின்றுவிடுகின்றன. அதனால் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கவலையில்லை. 3-க்குக் கீழே போனால் மீன் தவிக்கும். 1-க்குக் கீழே போனால் சாகத் தொடங்கும்.

ஆக்சிஜன் குறைந்தால் எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் தவிக்கும். பெரிய மீன்களே முதலில் செத்து மிதக்கும். வெயில் ஏறியதும் பிழைத்தவை தெளியும். சில மீன்கள் மட்டும் நாள் முழுக்கத் திணறினால் ஒன்றைப் பிடித்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நல்ல செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கும். வெளுத்துக் கோழை படிந்திருந்தால் ஒட்டுண்ணி என்று சந்தேகிக்கலாம். காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நீரில் நைட்ரைட் கூடி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போயிருக்கிறது. அதற்குச் சாதாரண உப்பே மருந்து. ஆனால் அளவை நீரைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விராலும் சில கெளுத்தி வகைகளும் காற்றுக்காக மேலே வந்து போவது அவற்றின் இயல்பு. அதைக் கண்டு பதற வேண்டாம்.

திணறும் குளத்தில் ஃபார்மலின் ஊற்றுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. அது இருக்கிற ஆக்சிஜனையும் குறைக்கும், பாசியையும் கொல்லும். செத்த பாசி அழுகும்போது மிச்சமும் போய்விடும். முதலில் ஏரேட்டரைப் போடுங்கள். இல்லையென்றால் இன்ஜினை வைத்துக் குளத்துத் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள். போர் தண்ணீரை நேராகக் குழாயோடு உள்ளே விடாதீர்கள். அதில் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு, அதுவும் சிதறித்தான் விழ வேண்டும். அன்று தீவனமும் சாணமும் வேண்டாம்.

வரும் முன் காக்க ஒரு வழி உண்டு. முழங்கை வரை கையை நீரில் விட்டால் உள்ளங்கை மங்கலாகவாவது தெரிய வேண்டும். பாதிக்கை நனைவதற்குள் மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது என்று பொருள். உரத்தை நிறுத்தி, கொஞ்சம் நீரை மாற்றுங்கள். நாள் முழுக்க மூட்டம் போட்டிருந்தால் மீன் மேலே வரும்வரை காத்திருக்காமல், நள்ளிரவு தாண்டியதுமே ஏரேட்டரையோ இன்ஜினையோ ஓட விடுங்கள்.