இடுப்பு வலியும் இன்றைய ஆராய்ச்சியும்



எங்கள் விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். அதனை ‘முதுகு’ என்று பிரித்துப் படித்து நகைக்கும் மாணவர் ஒருவரேனும் ஆண்டுதோறும் என் வகுப்பில் இருப்பர். முது குன்றம் என்பதே முறையான பிரிப்பு என்று நான் திருத்துவேன். எனினும், எங்கள் பீங்கான் தொழிற்பேட்டையில் உழைப்போரைக் காணுங்கால், அப்பிள்ளைகளின் பிரிப்பிலும் ஒரு பொருள் உண்டென்றே தோன்றும். களிமண் மூட்டை சுமப்போர், அச்சில் மண்கூழ் ஊற்றக் குனிவோர், பொம்மைக்கு வண்ணம் தீட்ட நாள் முழுதும் ஒரே இருப்பில் அமர்வோர் ஆகிய அனைவரும் கூறும் குறை இடுப்பு வலியே. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 62 கோடி மக்கள் இவ்வலியுற்றிருந்தனர் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

இவ்வலி எதனால் வருகிறது? முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. வட்டுப் பிதுங்கி நரம்பை அழுத்தினால் காலில் வலி பாயும் என்பதை 1934இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்டர், பார் ஆகிய இருவரும் விளக்கினர். அரிய கண்டுபிடிப்புத்தான். ஆனால் அதன்பின் இடுப்பில் தோன்றும் வலிக்கெல்லாம் வட்டின்மேலேயே பழி விழலாயிற்று. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்தபோது அப்பழி இன்னும் பெருகியது. 1994இல் அமெரிக்காவில், முதுகு வலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு ஒரு வட்டேனும் புடைத்திருந்தது! தலை நரைப்பது போல வட்டும் மூப்படைகிறது. படத்தில் காணும் புடைப்பே வலியின் காரணம் என்று துணிதல் பிழையாகலாம்.

என்னிடம் பயின்ற அச்சுத் தொழிலாளி ஒருவர் ஸ்கேன் அறிக்கையைப் படித்து அஞ்சி, வேலையை விட்டு இரண்டு திங்கள் படுத்துவிட்டார். அறுவைச் சிகிச்சைக்காக வீட்டை அடகு வைக்கவும் முற்பட்டார். வேறொரு மருத்துவர் அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பார்த்தார். பாதத்தின் வலிமையையும் உணர்ச்சியையும் சோதித்தார். நரம்பில் கேடில்லை என்று கூறி, எழுந்து நடமாடச் சொன்னார். வீடு தப்பியது.

அம்மருத்துவர் கூறியது புதுமையன்று. 1995இல் ஹெல்சிங்கி நகரில் 186 ஊழியரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர் படுத்திருந்தனர். மற்றொரு பிரிவினர் குறித்த பயிற்சிகளைச் செய்தனர். மூன்றாம் பிரிவினர் வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான அலுவல்களைத் தொடர்ந்தனர். விரைவில் நலமுற்றோர் மூன்றாம் பிரிவினரே. நாட்பட்ட வலிக்கு இடுப்புப் பட்டையும், இழுவைச் சிகிச்சையும், அபின் வகை மருந்துகளும் வேண்டா என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. கடைத்தெருவில் பட்டை வாங்குவோர் இதனைக் கருதுக.

ஆயினும் எல்லா வலியையும் எளிதென்று தள்ளுதல் ஆகாது. காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் மிகும் வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும் மருத்துவரிடம் உடனே செல்லல் வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்றும் உண்டு. முற்காலத்தில் அந்நோயாளரை மாவுக்கட்டிலும் படுக்கையிலும் பல திங்கள் கிடத்தினர். சென்னையில் 1956இல் தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், ஏறத்தாழ 300 பேரை மூன்று பிரிவாக்கியது. ஒரு பிரிவினர்க்கு அறுவையும் ஆறு திங்கள் மருந்தும் அளிக்கப்பட்டன. மற்ற இரு பிரிவினரும் நடமாடிக்கொண்டே ஆறு திங்களோ ஒன்பது திங்களோ மருந்து மட்டும் உட்கொண்டனர். பத்தாண்டு கழித்து நன்னிலையில் இருந்தோர் முறையே நூற்றுக்கு 90, 94, 99 பேர். 1999இல் வெளிவந்த இம்முடிவு உலகத்தார் கருத்தை ஈர்த்தது. நரம்பு நசுங்கியோர்க்கு அறுவை இன்றும் தேவைப்படலாம்.

தணிந்த வலி மீள்வதைத் தடுக்க வழியுண்டா? 2024இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், வலி நீங்கிய 701 பேருள் ஒரு பிரிவினர்க்கு நடைப்பயிற்சி கற்பித்தனர். சிறிது சிறிதாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம் நடத்தல் என்பதே இலக்கு. நடந்தோர்க்கு வலி மீள்வதற்கு நடுத்தரமாக 208 நாள் ஆயிற்று. ஏனையோர்க்கு 112 நாளே. அவ்வாய்வில் சேர்ந்தோர் அனைவரும் அண்மையில் வலி தீர்ந்தவர்கள். ஆதலின், வலியோடு இருப்பவர் எவ்வளவு நடக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே தொடங்குதல் நன்று.