பட்டம் கிடைக்கிறது, குடியுரிமை கிடைக்கவில்லை

கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி, அம்பலவாணன்பேட்டை ஆகிய ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே வளர்கிறார்கள். பலர் பிறந்ததே தமிழ்நாட்டில்தான். பிளஸ் டூ முடித்தால் கடலூர் பெரியார் கலைக் கல்லூரியோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமோ எட்டும் தூரம்தான்.

கல்லூரிக் கதவு எப்போதும் திறந்திருக்கவில்லை. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அகதி மாணவர் சேர்க்கை நின்றுபோனது; சில ஆண்டுகள் கழித்தே திரும்பக் கிடைத்தது. அந்நாட்களில் படிப்பைக் கைவிடாமல் காத்ததில் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2021-இல் தமிழக அரசு கலை, அறிவியல் மாணவர்களின் ஆண்டு உதவித்தொகையை 3,000 ரூபாயிலிருந்து 12,000 ஆகவும், பொறியியலுக்கு 5,000-இலிருந்து 20,000 ஆகவும் உயர்த்தியது.

விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு முகாமின் ‘செக்கிங்’ பெரிய கவலை. வருவாய் ஆய்வாளர் பெயர் வாசிக்கும் நாளில் ஆள் இல்லாமல், முன்அனுமதியும் வாங்காமல் இருந்தால் ‘பதிவு வெட்டிவிடுவார்கள்’ என்ற பயம். பதிவு போனால் அரசு தரும் மாதப் பணமும் அரிசியும் போகும்.

பட்டம் வாங்கிய பின்தான் உண்மையான சுவர் எதிர்ப்படுகிறது. பாஸ்போர்ட் இல்லை. சட்டம் படித்தாலும், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்யக் குடியுரிமை வேண்டும். பொறியியல் முடித்தவர்கள்கூட அப்பாவோடு பெயிண்டிங் வேலைக்குப் போவது முகாம்களில் பழகிப்போன காட்சி. அரசே செலவழித்துப் படிக்கவைத்த பிள்ளைகளுக்கு இது அநீதி.

குடியுரிமை கிடைக்காததற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. உரிய ஆவணமின்றி வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவே இருந்தாலும், மற்றவர் அப்படி வந்தவர் என்றால் குடியுரிமை இல்லை. இன்று முதலாண்டில் சேரும் மாணவர்கள் பெரும்பாலும் அதற்குப் பின் பிறந்தவர்கள். 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குறிப்பிட்ட சமயத்தவர்களுக்கு மட்டும் வழிவிட்டது. இலங்கை அதில் இல்லை.

ஆனால், 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது இந்த அடிப்படையில்தான். 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது, ஆவணம் இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது என மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்களித்தது. ஆனால், குடியுரிமை பற்றி அந்த விலக்கு ஆணையில் எதுவும் இல்லை.