வலக்கால் கியர், இடக்கால் கியர்

தென்னேரிப் பக்கத்துப் பெரியவர்கள் ஓட்டிப் பழகிய புல்லட்டில் கியர் வலக்காலில் இருந்தது. மேலே ஒன்று, கீழே மூன்று. பின் பிரேக் இடக்காலுக்கு. மற்ற வண்டிகளில் பழகியவர் அதில் ஏறினால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிடும் ஆபத்து உண்டு. இன்று இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு தயாரிக்கும் வண்டிகளில் கியர் இடக்காலில் இருக்கிறது. இந்த இடமாற்றத்தைத் தொடங்கி வைத்தது கடல் கடந்த ஒரு சட்டம்.

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டி. 1955இல் அங்கிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து, 1956இல் திருவொற்றியூரில் அதைத் தயாரிக்கத் தொடங்கின. வலக்கால் கியர் பிரிட்டிஷ் வழக்கம். வண்டியோடு அதுவும் வந்து சேர்ந்தது.

1974 செப்டம்பர் முதல் அமெரிக்கா, கியர் இடக்காலில்தான் இருக்க வேண்டும் என்றது. அந்தச் சந்தையை நம்பியிருந்த டிரையம்ப் பானவில்லும் நார்ட்டன் கமாண்டோவும் 1975 மாடல்களில் பக்கம் மாறின.

புல்லட்டின் இங்கிலாந்துத் தாய் நிறுவனம் 1970இலேயே மூடப்பட்டிருந்தது. உள்நாட்டுச் சந்தையில் நின்ற சென்னை புல்லட் பழையபடியே ஓடியது. 1977இல் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி தொடங்கியது. பின்னர் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில், குறுக்கே தண்டு கொடுத்துக் கியரை இடப்பக்கம் கொண்டுவந்தார்கள்.

அடுத்து வந்தது புகைக் கட்டுப்பாடு. அன்று வார்ப்பிரும்பு எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷரைப் பிடித்துவிட்டுக் கிக்கரை உதைக்க வேண்டும். ஐரோப்பாவின் யூரோ 3 புகை விதிக்கு அந்தப் பழைய எஞ்சின் ஈடுகொடுக்கவில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய, பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் கிளாசிக் 500 பிறந்தது. 2008இல் ஜெர்மனியில் அறிமுகமாகி, மறு ஆண்டுதான் இந்தியாவுக்கு வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு, இங்கே விற்கும் எல்லாப் புது வண்டிகளுக்கும் கடும் விதி பொதுவாயிற்று.

பழைய 'டுப் டுப்' ஓசை போய்விட்டதே என்று வருந்துபவர்களின் ஏக்கம் உண்மையானது. ஆனாலும் குழப்பமில்லாத பிரேக்கும் குறைந்த புகையும் அந்த ஓசையைவிடப் பெரியவை. தூய வண்டி ஜெர்மனிக்கு முதலில், நமக்குப் பிறகு என்ற வரிசைதான் தவறு. நம் சாலைக்கும் நம் மூச்சுக்குமான விதியை நாமே முதலில் எழுத வேண்டும். ஏற்றுமதி விதி வந்து கற்றுத் தரும்வரை காத்திருக்கக் கூடாது.