தீ வைக்கும் தீயணைப்பு வீரர்கள்!



தீயணைப்பு வண்டி மணி அடித்துக்கொண்டு போனால் என்ன நினைப்போம்? எங்கேயோ தீப்பிடித்துவிட்டது, அணைக்கப் போறாங்க என்றுதானே! ஆனால் ஒரு கதையில் தீயணைப்பு வீரர்களே தீ வைக்கப் போகிறார்கள். அவர்கள் குழாயில் தண்ணீர் வராது, மண்ணெண்ணெய்தான் வரும். யார் வீட்டில் புத்தகம் இருக்கிறதோ அந்த வீட்டைக் கொளுத்துவதுதான் அவர்கள் வேலை.

ஏன் இப்படி ஒரு கதை? வருங்காலம் கெட்டுப்போனால் மனுஷன் எப்படி வாழ்வான் என்று கற்பனை செய்து எழுதும் கதைகளை 'டிஸ்டோபியா' கதைகள் என்கிறார்கள். இவற்றில் ஓர் அரசாங்கம் இருக்கும். ஜனங்கள் எதைப் படிக்கணும், எதைப் பேசணும், யாரோடு பழகணும் என்று எல்லாவற்றையும் அதுவே முடிவு பண்ணும். பிடிக்காத எழுத்தையும் பேச்சையும் வெட்டி எடுப்பதற்குத் தணிக்கை என்று பெயர். நாம் 'சென்சார்' என்று சொல்கிறோமே, அதுதான். மூன்று கதைகளில் இது மூன்று விதமாக நடக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சொல்லைக் குறைப்பது

'1984' என்பது ஒரு நாவலின் பெயர். வெளிவந்தது 1949-இல். எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். இது அவருடைய புனைபெயர். சொந்தப் பெயர் எரிக் ஆர்தர் பிளேர். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? நம் இந்தியாவில், பீகாரில் உள்ள மோதிஹாரியில், 1903-இல்! 1941 முதல் 1943 வரை லண்டன் பி.பி.சி. வானொலியில் இந்தியாவுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். அது போர்க்காலம். வானொலியில் படிக்கும் தாள்களைத் தணிக்கை அதிகாரி பார்த்த பிறகுதான் படிக்க முடியும். அதனால் தணிக்கை எப்படி நடக்கும் என்பது அவருக்கு நேரிலேயே தெரியும்.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இந்தக் கதையில் சுவருக்குக் கண்ணும் உண்டு. வீட்டுச் சுவரில் இருக்கும் டி.வி. போன்ற பெட்டி நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்த முடியாது. கதாநாயகன் வின்ஸ்டனுக்கு 'உண்மை அமைச்சகம்' என்ற அலுவலகத்தில் வேலை. பேர்தான் உண்மை! அவர் செய்வதோ பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதுவது. சாக்லேட் பங்கீடு குறையாது என்று அரசாங்கம் சொல்லியிருக்கும். பிறகு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைத்துவிடும். உடனே அந்தப் பழைய வாக்கு இருந்த செய்தியை மாற்றிவிட்டு, பழைய தாளை நெருப்பில் போட்டுவிடுவார்கள். மறுநாளே '20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி' என்று ஊர்வலம் நடக்கும். ஜனங்களும் நம்பிவிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தாள்தான் இல்லையே!

அது மட்டுமல்ல. அகராதியிலிருந்து வருஷா வருஷம் சொற்களை நீக்கிக்கொண்டே வருவார்கள். 'கெட்டது' என்ற சொல் எதற்கு, 'நல்லதல்லாதது' என்றால் போதாதா என்பார்கள். நாய்க்கு உண்ணியிலிருந்து விடுதலை என்று சொல்லலாம். மனிதனுக்கு விடுதலை என்று சொல்லச் சொல்லே இருக்காது. சொல் இல்லாவிட்டால் அதை மனசில் நினைப்பதும் கஷ்டம். இங்கேதான் எனக்குப் பயமாக இருந்தது. வாயை மூடினால் மனசுக்குள்ளாவது பேசிக்கலாம். மனசையே மூடினால் என்ன செய்வது?

2. எழுத்தைப் பிடுங்குவது

இரண்டாவது கதை 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. 1985-இல் வெளிவந்தது. எழுதியவர் கனடா நாட்டு எழுத்தாளர் மார்கரெட் அட்வுட். இதில் வரும் நாட்டில் பெண்கள் படிக்கக் கூடாது என்று சட்டம். வேலையும் போச்சு, வங்கியில் இருக்கும் பணமும் போச்சு. கடைப் பலகையில்கூட எழுத்து இருக்காது, படம்தான் இருக்கும். கதை சொல்லும் பெண்ணுக்குச் சொந்தப் பெயர் சொல்லவும் அனுமதி இல்லை. 'ஃப்ரெட் என்பவருக்கு உரியவள்' என்ற பொருளில் 'ஆஃப்ஃப்ரெட்' என்று கூப்பிடுவார்கள். ஒருநாள் அந்த வீட்டு எஜமான் அவளை இரவில் ரகசியமாக அழைப்பார். என்னவோ ஏதோ என்று பயந்துகொண்டே போவாள். அவர் கேட்பது எழுத்துகளைச் சேர்த்துச் சொல் உண்டாக்கும் ஒரு விளையாட்டை! நாம் சும்மா பொழுதுபோக்குக்கு விளையாடுவது அங்கே பெரிய குற்றம்.

உலக வரலாற்றில் எங்கேயாவது நடக்காத எதையும் இந்தக் கதையில் சேர்க்கவில்லை என்று அட்வுட் சொல்லியிருக்கிறார். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு என்ற பேச்சைக் கேட்டவர்களுக்கு இது ரொம்ப தூரத்துக் கதையாகத் தோன்றாது.

3. ஆசையைக் குறைப்பது

முதலில் சொன்ன தீயணைப்பு வீரர் கதை 'ஃபாரன்ஹீட் 451'. எழுதியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரே பிராட்பரி. புத்தகமாக வந்த ஆண்டு 1953. காகிதம் தீப்பிடிக்கும் வெப்பநிலை 451 டிகிரி ஃபாரன்ஹீட் என்று கதையில் வருகிறது. அதாவது சுமார் 233 டிகிரி செல்சியஸ். புத்தகத்தை எரிக்கும் இந்தக் கதையை அவர் எழுதியது ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில்! அங்கே வாடகைத் தட்டச்சு இயந்திரம் இருந்தது. 10 சென்ட் காசு போட்டால் அரை மணி நேரம் தட்டச்சு செய்யலாம்.

இந்தக் கதையில் அரசாங்கம் முதலில் தடை போடவில்லை. ஜனங்களே படிப்பதை விட்டுவிட்டார்கள். பெரிய புத்தகம் சின்னதாச்சு, சின்னது ஒரு பக்கமாச்சு, ஒரு பக்கம் இரண்டு வரியாச்சு. வீட்டில் மூன்று சுவரிலும் டி.வி. ஓடும். வீரர் மான்டாகின் மனைவி நாலாவது சுவருக்கும் வேணும் என்று கேட்பாள். மான்டாக் புத்தகம் படிக்க ஆரம்பித்ததும் அவளே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுவாள்.

'1984' கதையிலும் இப்படித்தான். ஏழு வயது மகள் சாவித் துவாரத்தில் ஒட்டுக்கேட்டு, தூக்கத்தில் உளறிய அப்பாவைப் பிடித்துக்கொடுப்பாள். ஆக, தணிக்கை என்பது போலீஸ் மட்டும் செய்வது இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உதவி செய்தால்தான் அது நடக்கும்.

திருத்தம் எல்லாம் தணிக்கையா?

'அப்படின்னா ஐயா நம்ம கட்டுரையில் சிவப்பு மையால் அடிக்கிறாரே, அதுவும் தணிக்கையா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஐயா அடித்தது நமக்குத் தெரியும். ஏன் என்று கேட்கலாம், அவரும் காரணம் சொல்வார். அடித்த சொல் மையின் அடியில் அப்படியே இருக்கும். வின்ஸ்டன் திருத்தினால் திருத்தியதே யாருக்கும் தெரியாது. கேள்வியும் கேட்க முடியாது. வித்தியாசம் இதுதான்.

நிஜத்தில் நடந்தவை

1933 மே 10 அன்று ஜெர்மனியில் பெர்லின் நகரத்திலும் வேறு பல ஊர்களிலும் ஆயிரக்கணக்கான புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். அப்போது நடந்தது ஹிட்லர் ஆட்சி. ஆனால் எரிப்பதற்கு முன்னால் நின்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள்! படிக்கப் போனவர்களே புத்தகத்தைக் கொளுத்தினார்கள்.

இன்னொன்று கேளுங்கள். 1967-இல் 'ஃபாரன்ஹீட் 451' நாவலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தனிப் பதிப்பாக வெளியிட்டார்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சுமார் 75 இடங்களில் பதிப்பகத்தாரே மாற்றிவிட்டார்கள். எழுதியவரிடம் கேட்கவே இல்லை. தணிக்கையைத் திட்டும் புத்தகத்துக்கே தணிக்கை! வருஷக்கணக்காகப் பிராட்பரிக்குத் தெரியாது. 1979 வாக்கில் மாணவர்கள் அவருக்குக் கடிதம் எழுதிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அப்புறம் முழுப் புத்தகமும் பழையபடி அச்சானது.

எரித்தவர்களும் மாணவர்கள்தான், கண்டுபிடித்துச் சொன்னவர்களும் மாணவர்கள்தான். இரண்டாவது கூட்டத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை. கவனமாகப் படித்தார்கள், பார்த்ததைக் கடிதமாக எழுதினார்கள், அவ்வளவுதான்.

'ஃபாரன்ஹீட் 451' முடியும் இடத்தில் காட்டுப் பக்கம் சில பேர் இருப்பார்கள். ஆளுக்கு ஒரு புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். தலைக்குள் இருப்பதை யாரும் எரிக்க முடியாதே! மனப்பாடப் பகுதி என்றாலே நாம் முகத்தைச் சுளிக்கிறோம். இனிமேல் அந்தக் காட்டு மனிதர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.

நூலக அலமாரியில் புத்தகங்கள் காத்திருக்கின்றன. யாரும் தடுக்காதபோதே எடுத்துப் படிப்போம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி